டேட்டா ஸ்ட்ரக்சரும் அல்காரிதமும்: கோடு (code) எழுதுறதுக்கு முன்னாடி நோட்டுல ஓட்டிப் பாக்குறது எப்படி

செங்கோட்டை, புளியரை பக்கம் ப்ளஸ் டூ படிக்கிற புள்ளைங்க பைத்தான் புக்க வச்சுக்கிட்டு ஸ்டாக், சார்ட்டிங்னு கேக்காங்க, கணவாயத் தாண்டி கேரளாவுல ஆரியங்காவு, தென்மலைல இருக்குற நம்ம தமிழ் வீட்டுப் புள்ளைங்க அதையே சி ப்ளஸ் ப்ளஸ் புக்க வச்சுக்கிட்டு கேக்காங்க. போர்டு வேற, லாங்வேஜ் வேற, ஆனா மாட்டிக்கிற இடம் ஒண்ணுதான். கோட மனப்பாடம் பண்ணிருப்பாங்க, உள்ள நம்பர் எப்படி நகருதுன்னு ஒரு தடவகூட கையால போட்டுப் பாத்திருக்க மாட்டாங்க, அதனால கேள்வில ஒரு நம்பர மாத்திக் குடுத்தாலே அவ்வளவுதான், கை நின்னுரும்.

டேட்டா ஸ்ட்ரக்சர்னா டேட்டாவ அடுக்கி வைக்கிற விதம், அல்காரிதம்னா அத வச்சு வேலை பண்ற படிப்படியான வழி. அதனால எல்லாத்தையும் டிரை ரன், அதாவது கம்ப்யூட்டர் பண்றத கையால போட்டுப் பாக்குறது, அத வச்சே சொல்லுதேன். உங்களுக்கு வேண்டியது ஒரு கட்டம் போட்ட நோட்டு, ஒரு பென்சில், ஒரு ரப்பர். கம்ப்யூட்டர் அப்புறம். பைத்தானா சி ப்ளஸ் ப்ளஸ்ஸாங்குறது கடைசில வர்ற விஷயம், நோட்டுல சரியா ஓடுச்சுன்னா எந்த லாங்வேஜ்லயும் எழுதிரலாம், நோட்டுல ஓடலைன்னா எதுலயும் ஓடாது.

முதல்ல அரே. பைத்தான்ல லிஸ்ட்னு சொல்லுதோம், உள்ளுக்குள்ள கொஞ்சம் வித்தியாசம் இருக்கு, ஆனா இப்போதைக்கு ஒரே மாதிரி நெனச்சுக்கலாம். நோட்டுல வரிசையா கட்டம் போடுங்க, கட்டத்துக்கு மேல 0, 1, 2ன்னு இண்டெக்ஸ் எழுதுங்க, உள்ள மதிப்ப எழுதுங்க. இண்டெக்ஸ் ஏன் 0ல இருந்து ஆரம்பிக்குதுன்னு நெறைய பேரு கேப்பாங்க. சி ப்ளஸ் ப்ளஸ்ல ஒரு இன்டிஜர் பொதுவா 4 பைட் எடுக்கும். அரே மெமரில 1000ங்குற அட்ரஸ்ல ஆரம்பிக்குதுன்னா இண்டெக்ஸ் 3ல இருக்குறது எங்க இருக்கும்? 1000 + 3 × 4, அதாவது 1012. இண்டெக்ஸ்ங்குறது ஆரம்பத்துல இருந்து எத்தன கட்டம் தள்ளிங்குற கணக்கு, முதல் கட்டம் 0 கட்டம் தள்ளி, அவ்வளவுதான். இந்த ஒரு பெருக்கல், ஒரு கூட்டல்ல எந்த கட்டத்துக்கும் நேரா போயிரலாம், அரே 10 கட்டமா இருந்தாலும் 10 லட்சம் கட்டமா இருந்தாலும் நேரம் ஒண்ணுதான்.

ஆனா நடுவுல ஒண்ண சொருகணும்னா? கடைசில இருந்து ஒவ்வொண்ணா ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிட்டு வரணும். இத கண்டிப்பா நோட்டுல பண்ணிப் பாருங்க. முன்னாடி இருந்து தள்ள ஆரம்பிச்சா என்ன ஆகும்னும் பாருங்க, முதல் மதிப்பு அடுத்தத அழிச்சிரும், அப்புறம் அதே மதிப்பு கடைசி வரைக்கும் காப்பி ஆகிட்டே போகும். புக்குல அந்த லூப் ஏன் பின்னாடி இருந்து ஓடுதுங்குறதுக்கு காரணம் அதுதான், பென்சிலால அழிச்சு அழிச்சு எழுதும்போது தானா புரியும்.

தேடுறதுக்கு வருவோம். லீனியர் சர்ச்ல பெருசா ஒண்ணுமில்ல, முதல் கட்டத்துல இருந்து ஒவ்வொண்ணா பாக்கணும், கிடைச்சா நிறுத்தணும், முடிவு வரைக்கும் கிடைக்கலைன்னா இல்லன்னு சொல்லணும். வரிசைப்படுத்தாத டேட்டால இத விட்டா வேற வழி கிடையாது, அதனால இத மட்டமா நெனைக்காதீங்க.

பைனரி சர்ச்தான் நேரம் எடுத்துப் படிக்க வேண்டியது. டேட்டா ஏறுவரிசைல இருக்கணும், இது கட்டாயம். இந்த 11 நம்பர எடுத்துக்கோங்க, இண்டெக்ஸ் 0ல இருந்து 10 வரைக்கும்:

3, 8, 12, 19, 23, 31, 40, 46, 55, 62, 78

46 எங்க இருக்குன்னு தேடுவோம். நோட்டுல மூணு காலம் (column) போடுங்க, இடது, வலது, நடு. நடுங்குறது (இடது + வலது) பாதி, தசமம் வந்தா அத விட்டுரணும்.

இடது 0, வலது 10, நடு 5. அங்க இருக்குறது 31, நமக்கு வேண்டியது பெருசு, அதனால இடது = 6.
இடது 6, வலது 10, நடு 8. அங்க 55, நமக்கு வேண்டியது சின்னது, அதனால வலது = 7.
இடது 6, வலது 7, நடு 6. அங்க 40, நமக்கு வேண்டியது பெருசு, இடது = 7.
இடது 7, வலது 7, நடு 7. அங்க 46. கிடைச்சிட்டு.

நாலு தடவ பாத்ததுல முடிஞ்சிட்டு. இப்ப 46க்குப் பதிலா 47 தேடுங்க. முதல் மூணு வரி அப்படியே வரும், நாலாவது வரில 46ஐப் பாத்து பெருசு வேணும்னு இடது = 8 ஆகும், வலது 7லயே நிக்கும். இடது வலதத் தாண்டிப் போயிட்டுன்னா தேட இடமே இல்லன்னு அர்த்தம், அங்க லூப் நிக்கணும். லூப் கண்டிஷன்ல "இடது, வலதுக்கு சமமா அல்லது சின்னதா இருக்குற வரைக்கும்"னு இருக்கே, அதுல சமம்ங்குறத விட்டுட்டா மேல 46 தேடுன அந்த நாலாவது வரி ஓடவே ஓடாது, இருக்குற நம்பர இல்லன்னு சொல்லிரும். இத நான் வாயால சொல்றத விட நீங்க அந்த ஒரு குறிய அழிச்சிட்டு ஓட்டிப் பாத்தா ஜென்மத்துக்கும் மறக்காது.

இன்னொண்ணும் ஓட்டிப் பாருங்க. இடது = நடு + 1ன்னு போடுற இடத்துல சும்மா இடது = நடுன்னு போட்டா என்ன ஆகும்? 47 தேடும்போது இடது 7, வலது 7, நடு 7ன்னு வந்து நிக்கும், அங்க 46, இடது = 7. மறுபடி இடது 7, வலது 7, நடு 7. அப்படியே சுத்திக்கிட்டே இருக்கும், ப்ரோக்ராம் தொங்கிரும். நடுவுல இருந்தத பாத்தாச்சு, அது இல்ல, அப்புறம் ஏன் அத மறுபடி உள்ள வச்சுக்கணும், அதுக்குத்தான் அந்த + 1.

இதுல பெரிய ஆளுங்க கண்ணுலயே படாம போன ஒரு ஓட்டையும் இருக்கு. 2006ல கூகுள்ல இருந்த ஜோஷுவா ப்ளாக் எழுதுனாரு, ஜாவாவோட சொந்த லைப்ரரில இருந்த பைனரி சர்ச்லயே பிழை இருக்குன்னு. அந்தக் கோட எழுதுனதும் அவருதான். பிழை எங்கன்னா இடது + வலதுங்குற கூட்டல்ல. 32 பிட் இன்டிஜருக்கு உச்சம் 2147483647, ரெண்டு பெரிய இண்டெக்ஸக் கூட்டும்போது அதத் தாண்டிட்டா மதிப்பு மைனஸுக்குப் போயிரும், நடு மைனஸ் ஆச்சுன்னா அரேக்கு வெளிய போயி நிக்கும். தீர்வு ரொம்ப எளிசு, நடு = இடது + (வலது − இடது) / 2ன்னு போட்டா அந்தக் கூட்டலே வராது. பைத்தான்ல இன்டிஜர் எவ்வளவு வேணும்னாலும் வளரும், அதனால பைத்தான் புள்ளைங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்ல, சி ப்ளஸ் ப்ளஸ் எழுதுறவங்க இப்பவே ரெண்டாவது மாதிரி எழுதிப் பழகிக்கோங்க.

எவ்வளவு வேகம்னா, 1000 நம்பர்ல லீனியர் சர்ச் மோசமான நிலைமைல 1000 தடவ பாக்கும், பைனரி சர்ச் 10 தடவ. 10 லட்சம் நம்பர்னா அது 10 லட்சம், இது 20. ஒவ்வொரு தடவயும் பாதி கழியுதுல்ல, அதனால டேட்டா ரெண்டு மடங்கு ஆனா வேலை ஒண்ணே ஒண்ணுதான் கூடும். புக்குல log n (n-ங்குறது டேட்டா எண்ணிக்கை)னு எழுதிருக்குறது இதத்தான், கணக்குல லாகரிதம் பிடிக்காதுங்குறவங்க கூட "எத்தன தடவ பாதி பண்ணா 1க்கு வரும்"னு கேட்டுக்கிட்டா போதும்.

சார்ட்டிங், அதாவது வரிசைப்படுத்துறது. புக்குல பபிள், செலக்‌ஷன், இன்செர்ஷன் மூணும் இருக்கும், மூணையும் ஒரே டேட்டால ஓட்டுங்க, அப்பதான் வித்தியாசம் தெரியும். 7, 3, 9, 1, 5 எடுத்துக்கோங்க.

பபிள்ல பக்கத்துப் பக்கத்துல ஒப்பிட்டு, இடப்பக்கம் பெருசா இருந்தா மாத்துதோம். முதல் பாஸ் (ஒரு முழுச் சுத்து): 7, 3 மாறும், 7, 9 மாறாது, 9, 1 மாறும், 9, 5 மாறும். முடிவுல 3, 7, 1, 5, 9. பெரிய நம்பர் கடைசிக்கு வந்துட்டு. ரெண்டாவது பாஸ் முடிவுல 3, 1, 5, 7, 9. மூணாவதுல 1, 3, 5, 7, 9. மொத்தம் எத்தன ஸ்வாப், அதாவது எத்தன தடவ இடம் மாத்துனோம்? 3 + 2 + 1, ஆறு.

இன்செர்ஷன் சார்ட், பி.டி. சார் உயரம் வாரியா வரிசை நிறுத்தும்போது புதுசா வந்த பையன பின்னாடி இருந்து பாத்துப் பாத்து சரியான இடத்துல நுழைக்கிற மாதிரி. 3ஐ கைல எடுக்கோம், 7 ஒரு கட்டம் தள்ளுது, 3 முன்னாடி உக்காருது. 9ஐ எடுக்கோம், முன்னாடி 7 சின்னது, அங்கயே இருக்கட்டும். 1ஐ எடுக்கோம், 9, 7, 3 மூணும் தள்ளுது. 5ஐ எடுக்கோம், 9, 7 தள்ளுது, 3 கிட்ட நிக்கோம். தள்ளுனது எத்தன? 1 + 0 + 3 + 2, ஆறு. பபிள்லயும் ஆறு, இதுலயும் ஆறு, இது தற்செயல் இல்ல. முதல்ல கொடுத்த வரிசைல பெருசு முன்னாடியும் சின்னது பின்னாடியுமா இருக்குற ஜோடிகள எண்ணுங்க: 7, 3. 7, 1. 7, 5. 3, 1. 9, 1. 9, 5. அதுவும் ஆறு. பக்கத்துப் பக்கத்துல மாத்துற எந்த சார்ட்டும் ஒரு தடவைக்கு ஒரு ஜோடியத்தான் சரி பண்ண முடியும். பரீட்சைல டிரேஸ் கேட்டா முடிச்சிட்டு இந்த ஜோடிய எண்ணிப் பாருங்க, ஸ்வாப் எண்ணிக்கை அதோட ஒத்து வரலைன்னா எங்கயோ தப்பு பண்ணிருக்கீங்க.

செலக்‌ஷன்ல இந்தக் கணக்கு செல்லாது, ஏன்னா அது மிச்சத்துல சின்னதத் தேடி, தூரத்துல இருந்தாலும் இழுத்து முன்னாடி மாத்துது. இதே டேட்டால அது ரெண்டே ரெண்டு ஸ்வாப்ல முடிஞ்சிரும், 1ம் 7ம், அப்புறம் 5ம் 9ம். ஆனா ஒப்பிடுறது குறையாது, 4 + 3 + 2 + 1 = 10 தடவ கண்டிப்பா பாக்கணும், டேட்டா முன்னாடியே வரிசைல இருந்தாலும் சரி. இன்செர்ஷன் அப்படி இல்ல, வரிசைல இருக்குற டேட்டான்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு ஒப்பீடு, அவ்வளவுதான். அதனால மூணுல எது பிடிக்கும்னு கேட்டா நான் இன்செர்ஷனத்தான் சொல்லுவேன், கொஞ்சமா கலைஞ்ச டேட்டாவுக்கு அது அவ்வளவு நல்லது. பைத்தான்ல சார்ட்னு கூப்பிடும்போது உள்ள ஓடுறதுக்கு டிம்சார்ட்னு பேரு, 2002ல டிம் பீட்டர்ஸ் எழுதுனது, மெர்ஜ் சார்ட்டையும் (துண்டு துண்டா வரிசைப்படுத்தி ஒண்ணாச் சேக்குறது) இன்செர்ஷன் சார்ட்டையும் சேத்துக் கட்டுனது அது, சின்னச் சின்ன துண்டுக்கெல்லாம் இன்செர்ஷன்தான். நீங்க புக்குல படிக்கிறது பழைய சரக்கு கெடையாது, இப்பவும் ஓடிக்கிட்டு இருக்கு.

1000 நம்பருக்கு செலக்‌ஷன் எத்தன ஒப்பீடு? 1000 × 999 / 2 = 499500. 2000 நம்பருக்கு 1999000. டேட்டா ரெண்டு மடங்கு, வேலை நாலு மடங்கு. n² (n ஸ்கொயர்)னு சொல்றது இந்த நடத்தையத்தான்.

தமிழ்ப் பேர சார்ட் பண்ணிப் பாத்தவங்களுக்கு ஒரு விஷயம். பைத்தான்ல கமலா, கனின்னு ரெண்டு பேரக் குடுத்து சார்ட் பண்ணா கனி முதல்ல வரும். நம்ம அகராதி வரிசைல க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன, அப்ப ம முன்னாடி, ன கடைசி, கமலாதான் முதல்ல வரணும். ஏன் மாறுதுன்னா யூனிகோட்ல (ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் குடுக்குற பொது அட்டவணை) னவுக்கு எண் 2985, மவுக்கு 2990. கம்ப்யூட்டர் எண்ணத்தான் ஒப்பிடும், அகராதிய இல்ல. அல்காரிதம் சரி, ஒப்பிடுற விதிதான் நமக்கு ஒத்து வரல. சரி பண்ணணும்னா ஒவ்வொரு எழுத்துக்கும் நம்ம வரிசைப்படி ஒரு எண்ணக் குடுத்து ஒரு டிக்‌ஷனரி வச்சுக்கிட்டு, அந்த எண்ண ஒப்பிடச் சொல்லணும். பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்கு அருமையான வேலை இது, யாராச்சும் எடுத்துப் பண்ணுங்க.

இனி ஸ்டாக். மேல வைக்கிறது புஷ், மேல இருந்து எடுக்குறது பாப், கடைசியா வந்தது முதல்ல போகும். நோட்டுல நெட்டுக்கு கட்டம் போட்டு, பக்கத்துல டாப்னு ஒரு அம்புக்குறி போட்டுக்கோங்க, புஷ் பண்ணும்போது அம்புக்குறி ஏறணும், பாப் பண்ணும்போது இறங்கணும். ஸ்டாக் நெறஞ்ச பிறகு புஷ் பண்ணா ஓவர்ஃப்ளோ, காலியா இருக்கும்போது பாப் பண்ணா அண்டர்ஃப்ளோ.

இதுக்கு நல்ல பயிற்சி அடைப்புக்குறி சரிபாக்குறது. [2 × (3 + 4]) இத எடுத்துக்கோங்க. திறக்குற குறி வந்தா புஷ், மூடுற குறி வந்தா டாப்ல அதுக்கு ஜோடி இருக்கான்னு பாத்து பாப். [ வருது, புஷ். ( வருது, புஷ். ] வருது, டாப்ல இருக்குறது (, ஜோடி இல்ல, தப்புன்னு சொல்லி நிறுத்திரணும். எண்ணிக்கைய மட்டும் எண்ணுறவங்க இதுல ஏமாந்திருவாங்க, ஏன்னா ரெண்டு திறக்குது ரெண்டு மூடுது, எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு விதமான தப்பு இருக்கு: ((1 + 2) மாதிரி முடிவுல ஸ்டாக்ல மிச்சம் இருக்குறது, 1 + 2) மாதிரி மூடும்போது ஸ்டாக் காலியா இருக்குறது. உங்க கோடு மூணையும் பிடிக்கணும்.

போஸ்ட்ஃபிக்ஸ்ல, அதாவது ரெண்டு எண்ணையும் எழுதிட்டு அப்புறம் குறி போடுற முறைல, எண் வந்தா புஷ், குறி வந்தா ரெண்ட பாப். இதுல ஒரே ஒரு எச்சரிக்கை. 8 3 − வந்தா முதல்ல பாப் ஆகுறது 3, அது வலப்பக்கத்து எண். ரெண்டாவது பாப் 8, அது இடப்பக்கம். விடை 5, −5 இல்ல. கூட்டலும் பெருக்கலும் எப்படிப் போட்டாலும் ஒரே விடை வர்றதால இந்தத் தப்பு ஒளிஞ்சே கிடக்கும், கழித்தல்ல வகுத்தல்லதான் வெளிய வரும், அதனால டெஸ்ட் பண்ணும்போது கழித்தல வச்சு டெஸ்ட் பண்ணுங்க.

ஸ்டாக்க வச்சு ஒரு வார்த்தையத் திருப்புறதுன்னு எல்லா புக்குலயும் ஒரு பயிற்சி இருக்கும். இங்கிலீஷ் வார்த்தைல ஒழுங்கா வரும். தமிழ்ல பண்ணிப் பாருங்க. புனலூர்னு நாலு எழுத்து, பு, ன, லூ, ர். பைத்தான்ல இதோட நீளம் கேட்டா 7ன்னு சொல்லும், ஏன்னா உள்ள சேமிச்சிருக்குறது ப, உகரக் குறி, ன, ல, ஊகாரக் குறி, ர, புள்ளின்னு ஏழு. அத ஒவ்வொண்ணா புஷ் பண்ணி பாப் பண்ணா முதல்ல புள்ளி தனியா வந்து நிக்கும், அப்புறம் ரவுக்குப் பின்னால ஊகாரக் குறி வந்து அது ரூ ஆகிரும், ல தனியா, னவோட உகரம் ஒட்டி னு, கடைசில ப. ரூலனுபன்னு ஒண்ணு வரும், முன்னாடி ஒரு அனாதைப் புள்ளியோட. வரவேண்டியது ர்லூனபு.

இத சரி பண்ணுற விதி: வார்த்தைய இடமிருந்து வலமா படிங்க, ஒவ்வொரு குறிக்கும் யூனிகோட் எண் எடுங்க, அது 3006ல இருந்து 3021க்குள்ள இருந்தா அது துணைக்குறியோ புள்ளியோ, அப்ப தனியா புஷ் பண்ணக் கூடாது, ஸ்டாக்ல டாப்ல இருக்குற எழுத்தோட ஒட்டிரணும். இல்லைன்னா புது எழுத்து, புஷ் பண்ணலாம். நோட்டுல ஓட்டுங்க: ப புஷ், உகரம் ஒட்டி டாப் பு ஆகுது, ன புஷ், ல புஷ், ஊகாரம் ஒட்டி லூ, ர புஷ், புள்ளி ஒட்டி ர். ஸ்டாக்ல இப்ப நாலுதான். பாப் பண்ணா ர், லூ, ன, பு, சரியா வந்துட்டு. சி ப்ளஸ் ப்ளஸ்ல இன்னும் ஒரு படி கூட, அங்க சாதாரண ஸ்ட்ரிங்க யூடிஎஃப்-8ல (யூனிகோட் எண்ண பைட்டா சேமிக்கிற முறை) வச்சா ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், அதனால புனலூருக்கு நீளம் 21ன்னு காட்டும், முதல்ல மும்மூணா சேத்துட்டு அப்புறம் இந்த விதியப் போடணும். நம்ம மொழில ப்ரோக்ராம் எழுதணும்னு ஆசப்படுற புள்ளைங்க இத தெரிஞ்சே ஆகணும், இதுக்கு புக்கு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

க்யூ. பின்னாடி (ரியர்) சேரும், முன்னாடி (ஃப்ரண்ட்) போகும். சாதாரண அரேல வச்சா ஒரு தொல்ல, முன்னாடி இருந்து எடுக்க எடுக்க முன்னாடி கட்டம் காலியாக் கிடக்கும், ஆனா ரியர் கடைசிக் கட்டத்துல முட்டிட்டா நெறஞ்சிட்டுன்னு சொல்லிரும். அதுக்குத்தான் சர்க்குலர் க்யூ. 5 கட்டம், இண்டெக்ஸ் 0ல இருந்து 4. அஞ்சையும் நிரப்பியாச்சு, ஃப்ரண்ட் 0, ரியர் 4. ரெண்ட எடுத்தாச்சு, ஃப்ரண்ட் 2. இப்ப ஒண்ண சேக்கணும், புது ரியர் = (4 + 1) ஐ 5ஆல வகுத்த மீதி = 0. இன்னொண்ணு சேத்தா ரியர் 1. இன்னும் ஒண்ணு? (1 + 1) மீதி 2, அது ஃப்ரண்ட் இருக்குற இடம், அப்ப நெறஞ்சிட்டு, நிறுத்தணும். இந்த மீதிக் கணக்கு மட்டும் பிடிபட்டா போதும். பைத்தான்ல லிஸ்ட்ட க்யூவா வச்சு முன்னாடி இருந்து பாப் பண்ணா மிச்சம் எல்லாம் ஒவ்வொரு கட்டம் நகரும், பெரிய டேட்டால அது மெதுவா ஓடும், அதுக்குன்னே டெக்னு ஒண்ணு லைப்ரரில இருக்கு, அத எடுத்துக்கோங்க.

லிங்க்டு லிஸ்ட். நம்ம மலை லைன் ஸ்டேஷனையே டேட்டாவா எடுத்துக்குவோம்: எடமண், தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை. லிஸ்ட்ல ஒரு கட்டத்துக்கு நோடு (node)னு பேரு, ஒவ்வொரு நோடுக்கும் ரெண்டு பாகம், பேரு ஒண்ணு, அடுத்த நோடு எங்க இருக்குங்குற முகவரி ஒண்ணு. கடைசி நோடுல முகவரி நல், அதாவது அடுத்து யாரும் இல்ல. அரே மாதிரி பக்கத்துப் பக்கத்துல இருக்க வேண்டிய அவசியமே இல்ல, நோட்டுல வேணும்னே கட்டத்த அங்க ஒண்ணு இங்க ஒண்ணா போட்டு, 200, 540, 310, 880ன்னு அட்ரஸ் எழுதுங்க. எடமண் 200ல, அதோட அடுத்தது 540. தென்மலை 540ல, அடுத்தது 310. இப்படி.

இப்ப எடமணுக்கும் தென்மலைக்கும் நடுவுல ஒற்றக்கல் விட்டுப் போச்சு, சேக்கணும். புது நோடு 720ல. ரெண்டே ரெண்டு வேலை, ஆனா எது முதல்லங்குறதுலதான் உயிரே இருக்கு.

முதல்ல: ஒற்றக்கல்லோட அடுத்தது = எடமணோட அடுத்தது, அதாவது 540.
அப்புறம்: எடமணோட அடுத்தது = 720.

இத மாத்திப் பண்ணுங்க. முதல்ல எடமணோட அடுத்தத 720 ஆக்கிட்டீங்க. இப்ப 540ங்குற நம்பர் எங்கயாச்சும் எழுதிருக்கா? இல்ல, அழிஞ்சு போச்சு. ரெண்டாவது வரி ஓடும்போது ஒற்றக்கல்லோட அடுத்தது = எடமணோட அடுத்தது = 720, தன்னையே தான் காட்டும். தென்மலைல இருந்து செங்கோட்டை வரைக்கும் மெமரில சும்மா கிடக்கும், போய்ச் சேர வழியே இல்ல, லிஸ்ட்ட பிரிண்ட் பண்ணா ஒற்றக்கல் ஒற்றக்கல்னு நிக்காம ஓடும். பென்சில் ரப்பர் வச்சு பண்ணச் சொன்னது இதுக்குத்தான், 540ஐ உங்க கையாலயே அழிச்சா அந்த வலி தெரியும்.

லிங்க்டு லிஸ்ட்ல சொருகுறதும் எடுக்குறதும் சுலபம், எதையும் தள்ள வேண்டாம். ஆனா மூணாவது ஸ்டேஷன் எதுன்னு கேட்டா முதல்ல இருந்து நடந்துதான் போகணும், அரே மாதிரி பெருக்கிக் கூட்டி நேரா போக முடியாது. அதனாலதான் இதுல பைனரி சர்ச் பலன் தராது.

டிக்‌ஷனரிய சுருக்கமா சொல்லிருதேன், ஒண்ணுக்கு ஒரு மதிப்புன்னு ஜோடியா வச்சு நேராத் தேடி எடுக்குறது அது. ரோல் நம்பர் 15, 22, 30ன்னு இருக்கு, 7 கட்டம் இருக்கு, 7ஆல வகுத்த மீதி எதுவோ அந்தக் கட்டத்துல வைக்கோம். 15க்கு மீதி 1, 22க்கும் மீதி 1, 30க்கு 2. 15ம் 22ம் ஒரே கட்டத்துல மோதுது, கொலிஷன்னு பேரு, ஒரு வழி அந்தக் கட்டத்துலயே ஒரு லிங்க்டு லிஸ்ட் வச்சு ரெண்டையும் தொங்க விடுறது. தேடும்போது மீதியப் போட்டு நேரா அந்தக் கட்டத்துக்குப் போயிரலாம். பைத்தான் டிக்‌ஷனரி மோதல வேற விதமா சமாளிக்கும், ஆனா கணக்குப் போட்டு நேரா போறதுங்குற அடிப்படை இதுதான்.

கடைசியா கிராஃப், அதாவது ஊரும் ஊர இணைக்கிற ரோடும் மாதிரி, இதுல ஏற்கனவே படிச்ச க்யூவும் ஸ்டாக்கும் வேலைக்கு வருது. நம்ம ஊர் ரோட்ட எழுதிக்கோங்க, எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்கு நேரா போறோம்னு:

செங்கோட்டை: தென்காசி, புளியரை
தென்காசி: செங்கோட்டை, கடையநல்லூர்
கடையநல்லூர்: தென்காசி
புளியரை: செங்கோட்டை, ஆரியங்காவு
ஆரியங்காவு: புளியரை, தென்மலை
தென்மலை: ஆரியங்காவு, புனலூர், குளத்துப்புழை
புனலூர்: தென்மலை, அஞ்சல்
குளத்துப்புழை: தென்மலை, அஞ்சல்
அஞ்சல்: புனலூர், குளத்துப்புழை

நடுவுல வர்ற சின்ன ஊரையெல்லாம் விட்டுட்டேன், டிரேஸ் நீளமாயிரும். செங்கோட்டைல இருந்து அஞ்சலுக்கு குறைஞ்சது எத்தன தாவல்ல போகலாம்? அதுக்கு வழி பிரெட்த் ஃபர்ஸ்ட் சர்ச், பக்கத்துல இருக்குறத எல்லாம் முதல்ல பாத்துட்டு அப்புறம் தள்ளிப் போறது. ஒரு க்யூ, பாத்தாச்சுங்குறதுக்கு ஒரு டிக் மார்க் லிஸ்ட், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தூர எண். செங்கோட்டைக்கு 0 போட்டு, டிக் போட்டு, க்யூல சேருங்க. அப்புறம் முன்னாடி இருக்குறத எடு, அதோட பக்கத்து ஊர்ல டிக் இல்லாததுக்கெல்லாம் டிக் போட்டு, தூரம் ஒண்ணு கூட்டி, க்யூல சேரு. க்யூ காலியாகுற வரைக்கும் இதேதான்.

செங்கோட்டைய எடுத்தா தென்காசி 1, புளியரை 1 சேரும். தென்காசிய எடுத்தா கடையநல்லூர் 2. புளியரைய எடுத்தா ஆரியங்காவு 2. கடையநல்லூர எடுத்தா புதுசா ஒண்ணும் இல்ல. ஆரியங்காவ எடுத்தா தென்மலை 3. தென்மலைய எடுத்தா புனலூர் 4, குளத்துப்புழை 4. புனலூர எடுத்தா அஞ்சல் 5. அடுத்து குளத்துப்புழைய எடுக்கும்போது அஞ்சல்ல ஏற்கனவே டிக் இருக்கு, விட்டுரணும். விடை 5.

டிக்க எப்ப போடுதோம்ங்குறதப் பாருங்க, க்யூல சேக்கும்போதே போடுதோம். வெளிய எடுக்கும்போதுதான் போடுவேன்னு எழுதுனா குளத்துப்புழை வர்றப்ப அஞ்சலுக்கு இன்னும் டிக் இருக்காது, அது ரெண்டாவது தடவயும் க்யூல ஏறும். இந்தச் சின்ன கிராஃப்ல ஒண்ணுதான் கூடுது, ரோடு நெறைய குறுக்க மறுக்க போற கிராஃப்ல இது பெருகிக்கிட்டே போகும். இன்னொண்ணு, இது எண்ணுறது தாவல, கிலோமீட்டர இல்ல. ஒவ்வொரு ரோட்டுக்கும் கிலோமீட்டர் எழுதி அதுல குறைஞ்ச தூரம் வேணும்னா 1959ல டைக்ஸ்ட்ரா வெளியிட்ட அல்காரிதம் வேணும், அது இதோட அண்ணன்தான், முன்னாடி வந்தத எடுக்காம தூரம் குறைஞ்சத எடுக்கும்.

இப்ப நீங்க பண்ண வேண்டியது: மேல உள்ள அதே லிஸ்ட், அதே டிக் விதி, க்யூவ மட்டும் எடுத்துட்டு ஸ்டாக் வைங்க, பக்கத்து ஊர எழுதிருக்குற வரிசைலயே புஷ் பண்ணுங்க, பாப் ஆகுற ஊர வரிசையா எழுதுங்க. செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, அஞ்சல், புனலூர், தென்காசி, கடையநல்லூர்னு வரணும். தென்மலைக்கு அடுத்து புனலூர் வந்துட்டுன்னா புஷ் பண்ண வரிசைய மாத்திட்டீங்க, புனலூர் ரெண்டு தடவ வந்துட்டுன்னா டிக்க புஷ் பண்ணும்போது போடாம பாப் பண்ணும்போது போட்டிருக்கீங்க.